ஃபிளாஷின் எண்ணை விடுங்கள், தலை திரும்புகிறதா என்று பாருங்கள்

கேள்வி: வீட்டிற்குள் குழந்தைகளைப் படம் எடுத்தால், கேமராவிலேயே உள்ள ஃபிளாஷினால் முகம் வெளிறி, பின்சுவரில் கருநிழல் விழுகிறது. இயல்பான படங்களுக்குக் குறைந்த விலையில் எந்த ஃபிளாஷை வாங்கலாம்? ஒளியின் வலிமையைக் காட்டும் எண் ‘60’ என்று உள்ளதே சிறந்தது என்கிறார் விற்பனையாளர்.

பதில்: முகம் வெளிறுவதற்குக் காரணம், லென்ஸை ஒட்டிய ஒரு சிறு பரப்பிலிருந்து ஒளி நேராக முகத்தில் அடிப்பதுதான். ஆகவே, தலைப்பகுதி மேலே நிமிர்வதோடு பக்கவாட்டிலும் திரும்பும் ஃபிளாஷையே வாங்குங்கள். அதை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பினால், ஒளி அங்கே பரவித் தெறித்து, முகத்தில் மென்மையாகப் படியும். மேலே மட்டும் நிமிரும் வகையோ, நெடுக்குப் படத்துக்காகக் கேமராவைச் சாய்த்ததுமே கூரையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 800, ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/60 நொடி என வைத்தால் அறையின் விளக்கொளியும் படத்தில் சேரும்.

விற்பனையாளர் சொல்லும் எண், பெரும்பாலும் ஒளிக்கற்றையை மிகக் குறுக்கி அளந்தது. கேனான் 580இஎக்ஸ் II ஃபிளாஷுக்கு 105 மி.மீ. லென்ஸுக்கு ஏற்ப ஒளிக்கற்றையைக் குறுக்கிய நிலையில் 58 என்றிருக்கும் எண், 35 மி.மீ. லென்ஸுக்கு ஏற்ப விரித்த நிலையில் 36தான். எந்த நிலையில் அளந்தது என்று சொல்லாமல் எண்ணை மட்டும் காட்டி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். கூடவே விற்கப்படும், ஃபிளாஷின் முன் மாட்டும் பிளாஸ்டிக் மூடியையும் மறுத்துவிடுங்கள். ஒளி தெறிக்கக் கூரையோ சுவரோ இல்லாத வெளியிடத்தில் அது மின்கலத்தைத் தீர்க்குமே தவிர, நிழலை மென்மையாக்காது. ஃபிலிம் காலத்துப் பழைய ஃபிளாஷ்களை மலிவாகத் தள்ளிவிடும் இடைத்தரகர்களிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. அவற்றில் சில, கேமராவின் இணைப்பில் 200 வோல்ட்டுக்கும் மேல் செலுத்தி டிஜிட்டல் கேமராவையே பழுதாக்கக்கூடும்.

ஓடியாடும் குழந்தைகளுக்கு, ஒளியின் அளவைத் தானே கணிக்கும் டிடிஎல் வகையே ஏற்றது. அது உங்கள் கேமரா நிறுவனத்துக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். வாங்கும் முன் இன்னொன்றையும் கட்டாயம் கவனியுங்கள். கேனான் 250டி, 4000டி போன்ற தொடக்கநிலைக் கேமராக்களில், ஃபிளாஷைச் செருகும் தட்டின் நடுவே இருக்க வேண்டிய வட்ட உலோகப் புள்ளியே கிடையாது. அந்தப் புள்ளியை நம்பிச் செயல்படும் மலிவான மேனுவல் ஃபிளாஷ்கள் (ஒளியின் அளவை நாமே அமைக்க வேண்டியவை) இவற்றில் எரியவே எரியா. பல்லாண்டுகளாக பெரும்பாலான நிறுவனங்களுக்குப் பொதுவாக இருந்த ஓர் இணைப்பை, முதன்முதலாகக் கேமரா வாங்குபவரிடமிருந்தே பறித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் கேமராவில் அந்தப் புள்ளி இல்லையென்றால், மாடலின் பெயரைக் குறிப்பிட்டு அதில் இயங்கும் என்று தயாரிப்பாளரே எழுதியுள்ள ஃபிளாஷைத் தவிர வேறு எதையும் வாங்க வேண்டாம். கடைக்குக் கேமராவைக் கையோடு கொண்டுசென்று, ஃபிளாஷைப் பொருத்தி, தலையைக் கூரைக்குத் திருப்பி ஒரு படம் எடுத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.