மறு: மகள் வலியைக் கூட்டிச் சொல்கிறாளா?

அக்கா, மூட்டுவாதம் உள்ள உங்கள் 15 வயது மகள் டாக்டரிடம் "மாசம் முழுக்க வலி" என்றாள், ஆனால் நடுவில் பத்து நாள் நன்றாகத்தானே இருந்தாள், பொய் சொல்கிறாளோ என்று கேட்டிருந்தீர்கள். பொய் இல்லை அக்கா. எனக்கும் 13 வயதில் இதே நோய்தான். வலிக்காத நாள் மனதில் தங்கவே தங்காது, காலையில் விரல் மடங்காமல் டூத்பேஸ்ட் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்த ஒரு நாள் மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது.

பெரியவர்களுக்கும் இப்படித்தான். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை செய்துகொண்டவர்களிடம் உளவியலாளர் டேனியல் கானமனும் மருத்துவர் டொனால்ட் ரெடல்மையரும் கேட்டு 1996இல் எழுதினார்கள்: எவ்வளவு நேரம் வலித்தது என்பது நினைவில் பெரிதாக நிற்பதில்லை, உச்சத்தில் எவ்வளவு, முடியும்போது எவ்வளவு என்பதே நிற்கிறது. பிள்ளைகள் வலியை இருந்ததைவிடப் பெரிதாக நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்த ஊசியும் கூடுதலாக வலிக்கலாம், அதனால் வீட்டில் அதைப் பற்றி எப்படிப் பேசுகிறோம் என்பது முக்கியம்.

ராத்திரி படுக்கும் முன் அன்றைய வலிக்கு 0 முதல் 10க்குள் ஒரு எண், காலையில் மூட்டு எத்தனை நிமிஷம் விறைப்பாக இருந்தது, அன்று என்ன செய்தாள், இவ்வளவுதான், காலண்டரில் அவளே எழுதட்டும். தயவுசெய்து அதை வைத்து அவளை மடக்காதீர்கள். மோசமான நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் "எப்படிச் சமாளிச்சே?" என்று கேளுங்கள், அந்தப் பகுதியும் அவள் நினைவில் சேரும். அப்புறம் அடுத்த தடவை டாக்டரிடம் காலண்டரையே நீட்டட்டும்.