பெல்லட் ஸ்டவ் ஆன் பண்ணதும் சத்தமும் புகையும்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம்ங்க. கோயமுத்தூர்ல மோட்டார் ரீவைண்டிங் கடையில ஆறு வருஷம் காயில் சுத்துனவன் நான், இப்ப அமெரிக்கால வெர்மான்ட்ல இருக்கேன். பதினாலு குளிர்காலமா எங்க வீட்டுக்கு பெல்லட் ஸ்டவ்தான் சூடு (மரத்தூள அழுத்தி செஞ்ச சின்னச் சின்ன குச்சித் துண்டு, அதான் பெல்லட், அத கரன்ட் மோட்டார் வெச்சு எரிக்கற அடுப்பு), அக்கம்பக்கத்து ஸ்டவ்வையும் பிரிச்சு மாட்டிட்டே இருப்பேன். அக்டோபர் வந்தா போதும், எல்லாரும் ஒரே கேள்வி: "ஆன் பண்ணா உர்ருன்னு சத்தம், ரூமெல்லாம் புகை, மோட்டார் போச்சா?" முக்காவாசி நேரம் போகலைங்க. வந்த கேள்விகளுக்கு ஒவ்வொண்ணா பதில் போடறேன்.

கே (நியூ ஹாம்ப்ஷயர்): அண்ணா, காலைல ஆன் பண்ணவுடனே கரகரன்னு காபிக்கொட்டை அரைக்கற மாதிரி சத்தம், பத்து நிமிஷத்துல தானா அடங்கிடுது. வீட்ல புது மோட்டார் ஆர்டர் போடுன்னு ஒரே பிடியா இருக்காங்க. போட்டுடவா?

ப: பொறுங்க தம்பி, போடாதீங்க. மொதல்ல எந்த மோட்டார்னு கண்டுபிடிக்கணும், உள்ள மூணு இருக்கு. புகைய இழுத்து வெளிய தள்ளற எக்ஸாஸ்ட் ஃபேன், ரூமுக்கு சூடு காத்து ஊதற ஃபேன், பெல்லட்ட கொஞ்சம் கொஞ்சமா தள்ளி விடற ஆகர் மோட்டார். ஸ்டார்ட் அமுக்குன அடுத்த நொடியே சத்தம்னா அது எக்ஸாஸ்ட். ரூம் ஃபேன் பெரும்பாலான ஸ்டவ்ல லேட்டாதான் ஓட ஆரம்பிக்கும், நெருப்பு பிடிச்சு உடம்பு கொஞ்சம் சூடாகணும், அதனால அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு ஆரம்பிக்கற சத்தம் அதோடது. விட்டு விட்டு கீச்சு கீச்சுன்னா ஆகர், பெல்லட் தூள் போய் அடைஞ்சிருக்கும்.

உங்களுது எக்ஸாஸ்ட்தான். ஸ்டார்ட்டப்புல அது ஃபுல் ஸ்பீடுல ஓடும், அதனால ஊஊன்னு காத்து சத்தம் ஜாஸ்தியா இருக்கறது சகஜம், அதுக்கு பயப்பட வேண்டாம். ஆனா கரகரன்னு இரும்பு உரசற சத்தம் வேற. சூடானதும் அடங்குதுன்னா புஷ் (ஷாஃப்ட்ட தாங்கற வளையம்) காஞ்சு போயிருக்கு, ராத்திரி குளிர்ல பழைய எண்ணெய் கெட்டிப்பட்டு நிக்குது, சூடு ஏறினதும் இளகுது. மார்கழி மாசம் தேங்காயெண்ணெய் பாட்டில் உறைஞ்சு போகுமே, அதே கதைதான்.

ப்ளக்க புடுங்குங்க (ஸ்டவ்வ ஆஃப் பண்ணா பத்தாது, சுவத்துல இருந்து ப்ளக்). நல்லா ஆறினதும் பின்பக்க பேனல கழட்டி மோட்டார் ஷாஃப்ட்ட விரலால ஒரு சுண்டு சுண்டுங்க. நல்ல மோட்டார்னா விரல எடுத்த பிறகும் நாலு சுத்து சுத்தி மெதுவா நிக்கும். சேத்துல சிக்குன மாதிரி டக்குனு நின்னா எண்ணெய் இல்ல. அப்புறம் ஷாஃப்ட்ட புடிச்சு இப்படி அப்படி ஆட்டி பாருங்க, லொடலொடன்னு ஆடுச்சுன்னா புஷ் தேஞ்சே போச்சு, அதுக்கு எண்ணெய் வைத்தியம் கேக்காது, அப்ப ஆர்டர் போடுங்க. ஆட்டம் இல்ல, எண்ணெய் விடற துளையும் இருக்குன்னா எஸ்ஏஇ 20 எலக்ட்ரிக் மோட்டார் ஆயில் ரெண்டு மூணு சொட்டு, அவ்ளோதான். சீல் பண்ண பால் பேரிங்கா இருந்தா என்ன ஊத்தினாலும் உள்ள போகாது.

கே: நான் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிச்சேன் சார், ரெண்டு நாள் அமைதியா ஓடுச்சு, இப்ப முன்னவிட மோசம்.

ப: ஆமா, அப்படித்தான் ஆகும். அது லேசான திரவம், மிச்சம் மீதி இருந்த நல்ல எண்ணெயையும் கழுவி விட்டுட்டு சூட்டுல ஆவியா போயிடும். இறுகின ஸ்க்ரூவ கழட்டறதுக்கு வெச்சுக்கோங்க.

கே (ஒன்டாரியோ): அண்ணை வணக்கம். நாங்கள் கிங்ஸ்டன் பக்கம் இருக்கிறம். ஸ்டவ் பத்தத் தொடங்கேக்க சத்தமும் கூட, ரூமுக்க புகை மணமும் வருது. கதவைச் சுத்தி இடுக்கை அடைக்கிற கயிறு பழசாப் போட்டுது எண்டு மனுசன் புதுசு வாங்கி மாத்தினவர், அப்பிடியும் நிக்கேல்ல. கதவுப்பக்கத்தால புகை வாற மாதிரியும் தெரியேல்ல. எங்கயிருந்து வருது எண்டு சொல்லுங்கோ.

ப: அக்கா, நல்ல கேள்வி கேட்டீங்க, இது ஒண்ணு புரிஞ்சா பாதி ரிப்பேர் புரிஞ்ச மாதிரி. எக்ஸாஸ்ட் ஃபேன ஒரு எல்லைக்கோடுன்னு வெச்சுக்கோங்க. அதுக்கு முன்னாடி இருக்கற நெருப்புப் பெட்டி, கதவு எல்லாம் உறிஞ்சற பக்கம், அங்க ஓட்டை இருந்தா ரூம் காத்து உள்ளதான் போகும், புகை வெளிய வராது. ஃபேனுக்கு அந்தாண்ட இருக்கற குழாய் தள்ளற பக்கம், அங்க ஒரு ஊசி இடுக்கு கிடைச்சாலும் புகை பிச்சுக்கிட்டு வெளிய வரும். சாதா விறகு அடுப்பு சிம்னில இந்த தொல்லை கிடையாது, அது சூட்டுல தானா மேல இழுக்குது.

அதனால நீங்க பாக்க வேண்டியது பின்னாடி. ஃபேன் ஸ்டவ் உடம்போட சேர்ற எடத்துல ஒரு கேஸ்கெட் (இடுக்க அடைக்கற பட்டை) இருக்கும், அது நொறுங்கியிருக்கலாம். இல்லேன்னா குழாய் ஜாயின்ட்ல ஹை டெம்பரேச்சர் சிலிக்கோன் பசை விட்டுப்போயிருக்கும். ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சுட்டு ஸ்டார்ட் போட்டு, மொத அஞ்சு நிமிஷம் ஸ்டவ் பின்னாடி டார்ச்ச சாய்வா அடிச்சு பாருங்க, அந்த நேரத்துலதான் பெல்லட் கங்காகி புகை கெட்டியா இருக்கும், நூல் மாதிரி எழும்பறது நல்லா தெரியும். நெருப்பு நல்லா பிடிச்ச பிறகு பாத்தா ஒண்ணும் தெரியாது, புகையே இருக்காது.

இன்னொண்ணு, பின்னாடி கசியற புகைய ரூம் ஃபேன் உறிஞ்சி முன்பக்க வழியா சூடு காத்தோட ஊதி விட்டுடும். முன்னாடி நாத்தம் வருதேன்னு எல்லாரும் கதவையே சந்தேகப்படறது அதனாலதான். கதவுக்கயிறு மாத்துனது வீணில்ல, கதவு இடுக்குல காத்து போனா பெல்லட் எரியற கிண்ணத்துக்கு காத்து குறைஞ்சு புகை கூடும். கசிவு அடைபடற வரைக்கும் ஸ்டவ்வ ஓட்டாதீங்க அக்கா, கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கற ரூம் பக்கத்துல கட்டாயம் இருக்கணும், அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது.

கே: ஆன் பண்ணா ஸ்டவ்வே அதிருது, மேல வெச்ச டீ கிளாஸ் நகருது. நெருப்பும் சோம்பலா மஞ்சளா எரியுது. சத்தத்துக்கும் நெருப்புக்கும் சம்பந்தம் இருக்கா?

ப: இருக்கு. எனக்கே நடந்தது. ரெண்டு வருஷம் முன்ன தை மாசம், வெளிய மைனஸ் இருபது, ஸ்டவ் லாரி மாதிரி உறுமுது, கண்ணாடி கன்னங்கரேல்னு ஆயிடுச்சு. மோட்டார் செத்துச்சுன்னு நானும் முடிவு பண்ணிட்டேன், இத்தனை வருஷ அனுபவத்தோட! ஆறு ஸ்க்ரூ கழட்டி ஃபேன வெளிய எடுத்தா மோட்டார் ஜோரா சுத்துது. இம்பெல்லர்தான் (காத்த தள்ளற இலை வெச்ச சக்கரம்) பாக்க முடியல, ஒவ்வொரு இலைலயும் சாம்பலும் கரியும் தோசைக்கல் அடிப்பக்கம் மாதிரி அப்பி இருக்கு, அதுலயும் ஒரு பக்கத்துல ஒரு துண்டு பேந்து விழுந்துட்டுது. அவ்ளோதான் விஷயம். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் லேசு, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல சுத்தறப்ப சும்மா இருக்குமா? சீலிங் ஃபேன்ல ஒரு ரெக்கை வளைஞ்சா எப்படி ஆடுது, அதே மாதிரிதான்.

இலைக்கு நடுவுல இருக்கற பள்ளம் சாம்பல்ல நிரம்பிட்டா காத்து தள்ளற சக்தியும் போச்சு, காத்து போனா நெருப்பு சோம்பல், நெருப்பு சோம்பலானா புகையும் கரியும் ஜாஸ்தி, அந்த கரி மறுபடி இம்பெல்லர்லயே போய் உக்காரும். சுத்தி சுத்தி இதேதான்.

பழைய டூத் பிரஷ், பெயின்ட் பிரஷ் போதும், இலைய வளைச்சிடாதீங்க. இம்பெல்லர கழட்டித்தான் ஆகணும்னா நட்டு எந்த பக்கம் திரும்புதுன்னு பாத்துட்டு பலம் போடுங்க, சில மாடல்ல இடது மரை, வழக்கமா திருப்புற பக்கம் திருப்புனா இறுகிட்டே போகும். திருப்பி மாட்டறப்ப புது கேஸ்கெட் போடுங்க, அஞ்சு பத்து டாலர் மிச்சம் பிடிக்கறேன்னு பழசையே போட்டா மேல அக்கா கேட்ட கேள்விய அடுத்த வாரம் நீங்க கேப்பீங்க.

ஃபேன கழட்டுன கையோட, அது உக்காந்திருந்த ஓட்டை வழியா உள்பக்க புகைப்பாதையையும் வெளிக்குழாயையும் சுத்தம் பண்ணிடுங்க. அங்க விபூதி மாதிரி நைஸ் சாம்பல் கிண்ணம் கிண்ணமா வரும். வீட்டு வேக்கூம்ல எடுக்காதீங்க, அந்த தூள் சாதா ஃபில்டர தாண்டி ரூமெல்லாம் பறக்கும், ஒரு கங்கு ஒளிஞ்சிருந்தா பையே பத்திக்கும். சாம்பலுக்குன்னே வேக்கூம் விக்கறாங்க.

கே (மெய்ன்): புகைன்னா எந்த புகைன்னே எனக்கு தெரியல அண்ணா. மர வாசனை இல்ல, வேற ஏதோ.

ப: மூக்க நம்புங்க. விறகு வாசனைன்னா கசிவு. மிக்ஸில ஊறாத உளுந்த போட்டு அரைச்சா ஒரு கருகுன நாத்தம் வருமே, அந்த வாசனைன்னா மோட்டார் காயில் மேல பூசுன வார்னிஷ் எரியுது, உடனே ப்ளக்க புடுங்கணும், அந்த மோட்டார மறுபடி ஓட்டிப் பாக்காதீங்க. நாய் பூனை இருக்கற வீட்ல ரூம் ஃபேன் மோட்டார்ல முடியும் பஞ்சும் சேந்து காத்தோட்டம் அடைபட்டு இப்படி ஆகும், அடிக்கடி பாத்திருக்கேன். புது ஸ்டவ்வா இருந்து மொத ரெண்டு மூணு தடவை பெயின்ட் வாசனையோட லேசா புகைஞ்சா அது பெயின்ட் இறுகறது, ஜன்னல திறந்து வெச்சா சரியாயிடும்.

கே: ஸ்டார்ட் போட்டா கால் மணி நேரம் வெறும் வெள்ளைப் புகை, அப்புறம் திடீர்னு "டப்"புனு வெடிச்சு பத்திக்குது. குழந்தைங்க பயப்படுதுங்க.

ப: குழந்தைங்க பயப்படறது சரிதான். கூடி நின்ன புகையே ஒட்டுமொத்தமா பத்திக்குது, கண்ணாடிய உடைக்கற அளவுக்கும் போகலாம். இக்னைட்டர் (பெல்லட்ட பத்த வைக்கற சூட்டுக் கம்பி) பலவீனம் ஆயிருக்கும், இல்ல கிண்ணத்துல ஓட்டையெல்லாம் சாம்பல் அடைச்சிருக்கும், இல்ல போன தடவை எரியாத பெல்லட் மேலயே புதுசா கொட்டுது. வெள்ளைப் புகை உள்ள தேங்கி நிக்கறப்ப கதவ மட்டும் திறந்துடாதீங்க, காத்து பட்டா மூஞ்சிக்கு நேரா பத்தும். ஃபேன் ஓடி புகை போகட்டும், ஆறட்டும், அப்புறம் கிண்ணத்த காலி பண்ணி ஒவ்வொரு ஓட்டையா கம்பி விட்டு குத்துங்க. அதுக்கப்புறமும் பத்து நிமிஷத்துல பிடிக்கலைன்னா இக்னைட்டர் மாத்துங்க. ஈரம் வாங்குன பெல்லட்டும் இத பண்ணும். பிரீமியம் கிரேடுன்னா ஈரம் 8 சதவீதத்துக்குள்ள, சாம்பல் 1 சதவீதத்துக்குள்ள இருக்கணும், ஆனா மூட்டைய கராஜ் தரைல சிமென்ட் மேல நேரா அடுக்கி வெச்சா எந்த கிரேடும் நிக்காது.

கே: பனிப்புயல்ல கரன்ட் போச்சு, கார் பேட்டரில இன்வெர்ட்டர் மாட்டி ஓட்டினேன். ஃபேன் ஙொய்ய்னு கத்துது, மோட்டார் தொட முடியாத சூடு.

ப: விலை குறைஞ்ச இன்வெர்ட்டரா? அது படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி கரன்ட் தரும், ஊர்ல அந்த மாதிரி யூபிஎஸ்ல ஃபேன் உறுமி கேட்டிருப்பீங்களே, அதேதான். வீட்டு கரன்ட் மாதிரியே வழவழன்னு தர்ற ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் வேணும். ஸ்டார்ட்டப்புல இக்னைட்டர் மட்டுமே 300 வாட் போல இழுக்கும், பிடிச்சபிறகு பேட்டரிக்கு பாரம் ரொம்ப கம்மி.

கே (இத்தாலி, பலெர்மோ): அண்ணா, எங்கட ஸ்டவ்வில தொடங்கேக்க ஃபேன் ம்ம்ம் எண்டு முனகுது, சுத்தாது, பிறகு ஃபேன் எரர் எண்டு திரையில காட்டுது. குச்சியால தள்ளி விட்டா ஓடுது.

ப: மோட்டார் பக்கத்துல சின்ன டப்பா மாதிரி கண்டன்சர் இருக்கான்னு பாருங்க. இருந்தா மொத சந்தேகம் அதுமேலதான், சீலிங் ஃபேன் கண்டன்சர் போனா கையால தள்ளி விட்டு ஓட்டுவோமே அப்படி. அதே அளவு மைக்ரோஃபாரட், அதே வோல்டேஜ் பாத்து வாங்கி மாத்துங்க. அங்க வர்ற ஸ்டவ்ல நிறைய மாடல்ல ஃபேன் வேகத்த அளக்க ஒரு சென்சாரும் இருக்கும், ஃபேன் நல்லா ஓடியும் எரர் வந்தா அந்த ஒயர், கனெக்டர பாருங்க. அமெரிக்க ஸ்டவ்ல பெரும்பாலும் கண்டன்சரே கிடையாது, இங்க முனகிட்டு நின்னா புஷ் இறுகிடுச்சு இல்ல சாம்பல் சிக்கிருச்சுன்னு அர்த்தம்.

கே (ஈரோடு): அண்ணா, எங்க மெஸ்ல பெல்லட் அடுப்பு வெச்சிருக்கோம், கடலைத் தோல் பெல்லட். காலைல பத்த வெச்சா ப்ளோயர் கத்துது, கிச்சனே புகை மண்டலம். நீங்க சொல்றதெல்லாம் இதுக்கும் பொருந்துமா?

ப: நம்மூர் கேள்விங்களா, சந்தோஷம்! பாதிதான் பொருந்தும். உங்க அடுப்புல ஃபேன் புகைய இழுக்கறது இல்லைங்க, கீழ இருந்து காத்த உள்ள ஊதுது. பத்த வைக்கறப்பவே ப்ளோயர ஃபுல்லா வெச்சா கங்கு பிடிக்கறதுக்குள்ள புகை முழுசும் கிச்சனுக்குத்தான். குறைவா பெல்லட் போட்டு, ப்ளோயர கம்மில வெச்சு, நெருப்பு மேல பரவுன பிறகு ஏத்துங்க. கடலைத் தோல்ல மரத்தவிட சாம்பல் ஜாஸ்தி, உருகி கிட்டமா கட்டி காத்து ஓட்டைய அடைக்கும், தினமும் ராத்திரி அடுப்பு ஆறினதும் தட்டி எடுக்க ஒரு ஆள விடுங்க. ப்ளோயர் கத்தறது பெரும்பாலும் மாவுத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் இறக்கைல சேர்றதுனால, தோசைக்கல்லுக்கு பக்கத்துல வெச்சிருந்தீங்கன்னா மொதல்ல இடத்த மாத்துங்க. மாத்திட்டு ஒரு வாரம் கழிச்சு என்னாச்சுன்னு எழுதுங்க.