தாத்தாவின் காரியங்கள் முடிந்துவிட்டன. அவருடைய வாழ்க்கையை எழுதி வைக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

அவரோடு வேலை பார்த்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். உறவினர்களிடம் பிறகு போகலாம். அடுத்த விசேஷத்தில் எல்லோரும் ஒரே பந்தியில் அகப்படுவார்கள். துக்கம் கேட்க வந்து, வாசலில் போட்டிருந்த நாற்காலியில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, யாரிடமும் அதிகம் பேசாமல் எழுந்து போன முதியவர் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார். அவர் யார், எங்கே குடியிருக்கிறார் என்பதை இந்த வாரமே விசாரித்துவிடுங்கள்.

‘எல்லோரும் அவரை நல்ல மனிதர் என்கிறார்கள், அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று கேள்வியின் விளக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். என் அம்மாவின் தந்தை சென்ற ஆண்டு மதுரையில் காலமானார். நீர்மாலை எடுத்து, பேரப்பிள்ளைகள் நாங்கள் நெய்ப்பந்தம் பிடித்து, தத்தனேரி மயானத்துக்குக் கொண்டுபோனது முதல் பதினாறாம் நாள் கருமாதி வரை எல்லாம் முறைப்படியே நடந்தன. வந்தவர்கள் அனைவரும் ‘தங்கமான மனுஷன்’, ‘யார் வம்புக்கும் போகாதவர்’ என்றார்கள். பொய்யில்லை, ஆனால் எங்கள் தெரு அரிசிக்கடைக்காரர் இறந்தபோதும் இதே சொற்களைத்தான் கேட்டேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சாபீஸில் நின்றபடியே எழுத்துக் கோத்த ஒரு கம்பாசிட்டரின் வாழ்க்கை, ‘பிரஸ்ஸில் இருந்தார்’ என்ற இரண்டு சொற்களில் முடிந்துபோயிற்று.

எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான், அவருடைய உழைப்புக்கு ஆதாரமாக வீட்டில் ஒரு காகிதமும் இல்லை என்பது தெரிந்தது. இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் கட்டாயமில்லை என்பதால், அவர் இருந்த சிறிய அச்சாபீஸில் அந்தப் பிடித்தமும் இல்லை, பணிக்காலச் சான்றும் இல்லை. அச்சடித்த தாளில் அச்சிட்டவரின் பெயரும் அச்சிட்ட ஊரும் இருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருந்தது. கோத்தவரின் பெயரை எந்தச் சட்டமும் கேட்டதில்லை. அவர் கோத்தவையும் கல்யாணப் பத்திரிகை, தேர்தல் நோட்டீஸ், நாடகத் துண்டறிக்கை, கருமாதிக் கடிதம் என்று, நாள் கடந்தால் யாரும் வைத்துக்கொள்ளாத தாள்கள். கருமாதிக் கடிதத்தையோ படித்த கையோடு கிழித்துப் போடுவதுதான் வழக்கம்.

எனக்குக் கிடைத்தவர், அதே அச்சாபீஸில் டிரெடில் என்ற கால்மிதி அச்சு இயந்திரத்தை ஓட்டிய மெஷின்மேன். பேச்சு தொடங்கியதும் அவருடைய வலது கால் தானாக மிதிப்பதுபோல அசையத் தொடங்கியதைப் பார்த்தேன். ஈய எழுத்துகளைப் போட்டு வைக்கும் தமிழ் கேஸ் என்ற தட்டு நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்டது. ‘கி’, ‘கீ’, ‘கு’, ‘கூ’ ஒவ்வொன்றும் தனித்தனி அச்சு. கொம்பும் காலும் தனி. எந்த அறையில் எது கிடக்கிறது என்பதைக் கண் பார்ப்பதில்லை, கைதான் அறியும். இடது கையில் ஸ்டிக் என்ற சிறிய கோப்புச் சட்டத்தைப் பிடித்து, தலைகீழாகவும் இடவலம் மாறியும் நிற்கும் எழுத்துகளை வரியாக அடுக்கி, வரிகளைக் ‘கேலி’ என்ற நீண்ட தட்டுக்கு மாற்றி, நூலால் கட்டி, புரூப் எடுத்துத் திருத்தி, அச்சான பிறகு மண்ணெண்ணெயால் துடைத்து, ஒவ்வோர் எழுத்தையும் பழையபடி அதனதன் அறையில் போட்டுவிட வேண்டும். கோப்பதைவிடப் பிரித்துப் போடுவதில்தான் கம்பாசிட்டரின் தரம் தெரியும் என்றார் அவர்; ஓர் எழுத்து அறை மாறி விழுந்தால் மறுநாள் கோப்பவனின் கை ஏமாந்துபோகும்.

டீக்கடையில் எதிரே இருப்பவர் மேசையில் விரித்து வைத்த நாளிதழை, தன் பக்கத்திலிருந்தே, திருப்பாமல் தலைகீழாகத் தாத்தா வாசித்துவிடுவார். நாங்கள் அதைச் சிறுவர்களுக்குக் காட்டும் வேடிக்கை என்றே எண்ணியிருந்தோம். அது அவருடைய தொழில் என்று எனக்குச் சொன்னவர் இந்த மெஷின்மேன்தான்.

எழுத்துச் சீர்திருத்தத்தைப் பற்றியும் அவர்தான் சொன்னார். பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய மாற்றத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்று ஆணையிட்டபோது, ‘லை’, ‘னை’, ‘றா’ உள்ளிட்ட பதின்மூன்று எழுத்துகளின் பழைய வடிவங்கள் விடைபெற்றன. படிக்கிறவர்களுக்கு அது எளிமை. தாத்தாவுக்கு, அதுவரை ஒரே அச்சாக எடுத்த ‘லை’யை இனி ஐகாரக் கொம்பு, லகரம் என்று இரண்டாக எடுத்துக் கோக்கும் வேலை. ‘இல்லை’, ‘வேலை’, ‘மாலை’, ‘சென்னை’ என்று ஐகாரம் வராத வரியே அரிது என்பதால், பாதிப் பக்கத்துக்குள் கொம்பு தீர்ந்துபோகும். புது டைப்புக்கு முதலாளி உடனே பணம் போடவில்லை. சிறிய அச்சகங்களில் பழைய எழுத்து தேயும் வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. புது எழுத்துதான் வேண்டும் என்று சில வாடிக்கையாளர்கள் அடம்பிடித்ததுண்டு. “ஐகாரக் கொம்பு கடன் கேட்டு நானும் உங்க தாத்தாவும் தெருத்தெருவா அலைஞ்சோம் தம்பி” என்று அவர் சொல்லிச் சிரித்தார். தாத்தாவின் பால் கணக்கு நோட்டில் கடைசி வரை துதிக்கை வைத்த ‘லை’தான் இருக்கிறது. அதை இப்போது பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். அடிக்கடி தேவைப்படும் வாசகங்களைப் பிரிக்காமல் கட்டியே வைத்திருப்பார்கள். பெயர், நாள், இடம் மட்டும் மாற்றிக் கோத்தால் போதும். தன் தாய் இறந்தபோது தாத்தா இரவில் அச்சாபீஸுக்கு வந்து, அந்தக் கட்டைத் தொடாமல், கருமாதிக் கடிதம் முழுவதையும் முதல் எழுத்திலிருந்து தாமே கோத்தாராம். மெஷின்மேன் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அம்மாவுக்கும் மாமாக்களுக்கும் இது தெரியாது. அந்தக் கடிதத்தின் படி ஒன்றுகூட எங்கும் கிடைக்கவில்லை, கிடைக்கவும் போவதில்லை.

இதைப் படித்துவிட்டு, வேலையை மட்டும் எழுதினால் அது மனிதரின் வாழ்க்கையாகுமா, பாட்டி எங்கே என்று பின்னூட்டத்தில் கேட்கச் சிலர் காத்திருப்பார்கள். வேலையை விசாரிக்கப் போனதால்தான் அம்மாச்சியும் எனக்குக் கிடைத்தார். அச்சான பெரிய தாள்களை (‘பாரம்’ என்பார்கள்) வீட்டுக்குக் கொண்டுவந்து, இத்தனை மடித்தால் இத்தனை காசு என்ற கணக்கில் இரவெல்லாம் மடித்துக் கொடுத்தவர் அவர் என்பதையும் அந்த மெஷின்மேன்தான் சொன்னார். அம்மாச்சியிடம் கேட்டால், ‘அதெல்லாம் ஒரு வேலையா’ என்று அடுப்படிக்குள் போய்விட்டார். மற்றபடி, தாத்தாவைக் குறையே இல்லாதவராகக் காட்டும் நோக்கம் எனக்கில்லை. கணினி அச்சுக்கோப்பு வந்து வேலை போன பிறகு பல மாதங்கள் அவர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததையும், அதன் பாரம் முழுவதும் அம்மாச்சியின் தலையில் விழுந்ததையும் நான் எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல்தான் காரணம். இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதால் நாங்கள் ஒழுங்காகப் பதிவு செய்தோம். வந்த சான்றிதழில் அவர் பெயரில் ‘ழ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ல’ இருந்தது. நாங்கள் கொடுத்த படிவத்தில் சரியாகவே இருந்தது. திருத்தக் கேட்டபோது, ‘சிஸ்டத்தில் இப்படித்தான் ஏறியிருக்கிறது’ என்றார்கள். பிறகு உறுதிமொழிப் பத்திரம், அடையாள அட்டை நகல், இன்னொரு கையெழுத்து, அதற்கு ஒரு மத்தியான வேளை என்று அலைக்கழித்தார்கள். வாழ்நாளெல்லாம் பிறர் பெயரில் ஓர் எழுத்தும் பிசகாமல் புரூப் பார்த்தவருக்கு இந்த மரியாதை. உங்கள் கையில் சான்றிதழ் வந்ததும், வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பாக, எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தாத்தா நெல் வியாபாரத்தில் இருந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டாளியையோ மூட்டை தூக்கியவரையோ பார்க்கும்போது, ‘எப்படிப்பட்டவர்’ என்று கேட்காதீர்கள். ‘நல்லவர்’ என்றுதான் பதில் வரும். காலையில் முதலில் என்ன செய்வார், நெல்லின் ஈரப்பதத்தை எப்படிக் கண்டுபிடிப்பார், யாருக்குக் கடன் கொடுக்க மறுத்தார், எந்த ஆண்டு கையைக் கடித்தது என்று கேளுங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கணக்கு நோட்டு, ரசீது, கடைக் காலண்டர் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். குப்பை என்று பிறர் ஒதுக்கிய நோட்டீசுகளையும் சேர்த்துக் காத்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. சென்னையில் அவர் பெயரால் இயங்கும் நூலகத்துக்கு அவருடைய சேகரிப்புதான் அடிப்படை.

தலைத்திவசம் வரை பொறுக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எழுதுவதற்கு வேண்டுமானால் பொறுங்கள், விசாரிப்பதற்குப் பொறுக்க வேண்டாம். மெஷின்மேன் எனக்குச் சொன்ன அடுத்த பெயர் அவர்களுடைய ஃபோர்மேன். திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று அறிந்து தொலைபேசியில் அழைத்தேன். அப்பாவுக்கு ஞாபகம் தப்பி ஆறேழு மாதம் ஆகிறது, மகளான தன்னையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்று அந்த அக்கா சொன்னார்.