நீச்சல் தெரியாத, வயதான அம்மாவைக் கொமோடோ பாய்மரக் கப்பல் பயணத்துக்குக் கூட்டிப் போகலாமா?

கேள்வியின் கடைசியில் “இதெல்லாம் நம்ம ஆட்களுக்கு ஒத்துவருமா” என்று ஒரு வாலை ஒட்டியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தாராளமாகக் கூட்டிப் போங்கள். என் அம்மாவுக்கு எழுபது நெருங்குகிறது. முழங்கால் வலி உண்டு, நீச்சல் சுத்தமாகத் தெரியாது. நன்றாகவே போய் வந்தார். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போனோம், அதனால் “பொறுப்பில்லாமல் எழுதுகிறான்” என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

நாங்கள் பாலி வழியாக, கொமோடோ தீவுகளுக்குப் படகு கிளம்பும் இந்தோனேசியத் துறைமுக ஊரான லபுவான் பாஜோ போய், அங்கிருந்து பினிசி ஏறினோம். தென் சுலாவெசிக்காரர்கள் மரத்தில் கட்டும் கப்பல் அது. இரண்டு பாய்மரம், ஏழு பாய். அந்தக் கட்டுமானக் கலையை 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். இரவும் கப்பலிலேயே தங்கல். கடிகாரம் சிங்கப்பூர் நேரம்தான் காட்டும், ஆனால் ஆறு மணிக்கே பளிச்சென்று விடிந்துவிடும். வீட்டில் ஏழு மணிக்கு எழுந்து பழகியவர்களுக்கு முதல் நாள் கொஞ்சம் குழப்பம்.

காலையில் பாடார் தீவு. மற்றவர்கள் படியேறப் போனோம், அம்மா மேல்தளத்தில் உட்கார்ந்துகொண்டார். ராட்சத உடும்புகள் வாழும் கொமோடோ தீவிலும் இறங்கவில்லை. “சுங்கை பூலோவில் பார்க்காத உடும்பா?” என்றார், சிங்கப்பூரின் சதுப்புநிலக் காப்பகத்தைச் சொல்லி. மூன்று மீட்டர் வரை வளரும் என்று சொல்லியும் அசையவில்லை. ஆனால் கரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆள் அரவமே இல்லாத மொட்டை மலைகள், வறட்சியில் பழுப்பேறிய புல், நடுநடுவே பனைமரம். ஆமாம், நம்ம ஊர்ப் பனையேதான். நாகப்பட்டினத்திலிருந்து சின்ன வயதில் ரஜூலா கப்பலில் சிங்கப்பூர் வந்தவர் அம்மா. “இத்தனை மரம் நிக்குது, நுங்கு வெட்ட ஒரு ஆள் இல்லையே” என்று அங்கலாய்த்தார்.

முக்கியமான விஷயம் இனிதான். பினிசி என்று விளம்பரம் செய்யும் கப்பல்களில் பல, நாள் முழுக்க இஞ்சினில்தான் ஓடுகின்றன. பாய் புகைப்படத்துக்கு மட்டும். எங்கள் கப்பலும் மதியம் வரை அப்படித்தான். அம்மா தன் பழைய பசார் மலாயில், அதாவது சந்தை மலாயில், கேப்டனிடம் “ஆங்கின் அடா?” என்று கேட்டார். காற்று இருக்கிறதே, பிறகென்ன என்ற தோரணை. கேப்டன் பூகிஸ்காரர், தென் சுலாவெசியின் கடலோடி இனம். அந்தக் காலத்தில் அவருடைய ஆட்கள் பருவக்காற்றைப் பிடித்து நம் சிங்கப்பூருக்கு வணிகம் செய்ய வந்தவர்கள். சிரித்துக்கொண்டே “அடா, இபு” (இருக்கு, அம்மா) என்றார், பையன்களைக் கூப்பிட்டார்.

பெரிய பாயின் மேல்கட்டை பினிசியில் நிரந்தரமாக உயரத்திலேயே நிற்கும். பாயை அதன் நெடுக, ஜன்னல் திரையை இழுப்பதுபோல் இழுத்து விரிக்கிறார்கள். ஒரு பையன் கயிற்றைக் கால் பெருவிரலால் மிதித்துப் பிடித்தபடி இரண்டு கையாலும் முடிச்சுப் போட்டான். இஞ்சினை நிறுத்தியதும் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மரம் முனக ஆரம்பித்தது. வேகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தீவுகளுக்கு நடுவே பசிபிக் தண்ணீர் இந்தியப் பெருங்கடலுக்கு இறங்கும் இடம் அது. நீரோட்டம் பலமாக இருக்கும், கண்ணாடி போன்ற கடலில் திடீரென்று ஒரு வட்டம் கொதிக்கும். அந்த இடுக்குக்கு முன்னால் கேப்டன் பாயைச் சுருட்டி, இஞ்சினைப் போட்டுவிட்டார். அதுதான் சரி, வீரம் காட்டும் இடமில்லை.

இப்போது என் வயிற்றெரிச்சல். எங்கள் மாமா ஒருவர் “வயசான காலத்தில் கடலா?” என்று கிளம்புகிற அன்றுவரை தடுத்தார். போதாக்குறைக்குக் குடும்ப வாட்ஸ்அப்பில் படகு கவிழ்ந்த செய்தியாகப் பார்த்து அனுப்பினார். இதே மனிதர் எந்தக் கல்யாண விருந்திலும் 1025இல் ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல் விட்ட கதையை எடுக்காமல் எழுந்ததில்லை. சிங்கப்பூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் குசு தீவுக்கு ஃபெரியில் கூப்பிட்டால் தலை சுற்றும் என்பார். சோழர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, கமெண்டில் வாளைத் தூக்காதீர்கள்.

சரி, உங்கள் விஷயம். ஜனவரி, பிப்ரவரி வேண்டாம், மேற்குக் காற்றில் கடல் மோசம், துறைமுகத்தில் புறப்பட விடாமல் நிறுத்திவிடுவார்கள். அம்மாவின் அறை, கழிவறை, சாப்பாட்டு மேசை மூன்றும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள், ஏணி செங்குத்தாக இருக்கும். சின்னப் படகில் ஏறி இறங்கும்போது பிடித்துக்கொள்ள ஆள் உண்டா, உயிர்காப்பு மேலங்கி அவர் உடம்புக்குச் சேருமா என்றும் கேளுங்கள். கடைசியாக, பணம் கட்டுமுன் “பாய் விரிப்பீர்களா?” என்று கேளுங்கள். காற்றைப் பொறுத்தது என்பார்கள், நியாயம்தான். காற்று இருந்தால் விரிப்போம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.