இரை காலி, கூண்டும் காலி! எலித் தொல்லைக்குப் பதில்கள்

கேள்வி: கம்பிக் கூண்டில் இரை மாட்டி வைக்கிறோம். விடிந்து பார்த்தால் இரையைக் காணோம். கதவு திறந்தபடியே நிற்கிறது. எலி எங்களைவிடக் கெட்டிக்காரனாக இருக்குமோ?

பதில்: கெட்டிக்காரத்தனம் இல்லை, எடைதான் விஷயம். உங்கள் வீட்டில் இருப்பது அநேகமாகச் சுண்டெலி. நன்றாக வளர்ந்ததே 12 முதல் 30 கிராம்தான் இருக்கும். கூண்டுகளில் பல பெரிய எலியை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. கொக்கியை வலுவாக இழுத்தால்தான் கதவு விழும். சுண்டெலியோ இழுக்காது, உட்கார்ந்து கொறித்துவிட்டு வந்த வழியே போய்விடும். கதவு விழுந்தாலும் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள சந்தில் நழுவிவிடும்.

இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். கூண்டைப் பூட்டி வைத்து (அதாவது கதவைத் தூக்கி, அதைத் தாங்கும் கம்பியைக் கொக்கியில் மாட்டி), கொக்கியை ஈர்க்குச்சியால் லேசாக அசையுங்கள். கதவு விழவில்லையா? கதவைத் தாங்கும் கம்பியின் நுனி கொக்கியில் ஆழமாக மாட்டியிருக்கும், அல்லது துருப்பிடித்து இறுகியிருக்கும். துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, நுனி மட்டும் பட்டும் படாமலும் நிற்கிறமாதிரி மாட்டுங்கள். கம்பி இடைவெளி 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அந்தக் கூண்டு சுண்டெலிக்கு உதவாது. பெரிய எலி வரும்போது பயன்படும் என்று எடுத்து வையுங்கள்.

இரையிலும் தவறு நடக்கிறது. பெரிய துண்டாக வைத்தால் ஓரத்தைக் கொறித்தே எலியின் வயிறு நிறைந்துவிடும். பட்டாணி அளவு போதும். வறுத்த நிலக்கடலையை விழுதாக அரைத்துக் கொக்கியில் அப்புங்கள். நக்கி எடுக்க மெனக்கெடும்போது கொக்கி அசையும். கெட்டியான இரை என்றால் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். பாலாடைக்கட்டி எல்லாம் கதைப்புத்தக எலிக்கு. நிஜ எலிக்குத் தானியமும் பருப்பும்தான் இஷ்டம். வீட்டில் தீனி தாராளமாகக் கிடைத்து இரையைச் சீண்டவே இல்லையென்றால், கொஞ்சம் பஞ்சைக் கட்டிப் பாருங்கள். கூடு கட்டும் எலி அதை இழுக்க வரும்.

கேள்வி: எத்தனை பொறி வைக்க வேண்டும்? எந்த இடத்தில்?

பதில்: ஒரே ஒரு பொறியை வாங்கி மாதக்கணக்கில் போராடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. கணக்கைப் பாருங்கள்: சுண்டெலிக்குக் கர்ப்பகாலம் ஏறக்குறைய 3 வாரம். ஒரு ஈற்றுக்கு 5, 6 குட்டிகள். குட்டி 6 முதல் 8 வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயார். வாரத்துக்கு ஒன்று பிடித்தால் இதற்கு எப்படி ஈடுகொடுப்பது? சின்ன வீட்டுக்கே 6 முதல் 10 பொறிகளை ஒரே இரவில் வையுங்கள். ஸ்பிரிங் விசையில் அடிக்கும் பலகைப் பொறி இதற்குத் தோதானது. சரியாக அடித்தால் அந்த நொடியே உயிர் போய்விடும்.

இடம்தான் முக்கியம். சுண்டெலி அறை நடுவே ஓடாது; மீசை சுவரில் உரச, ஓரமாகவே ஓடும். எனவே பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரைத்தட்டு இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். சுவரோடு ஒட்டி நீளவாக்கில் வைக்க வேண்டிய இடமானால், இரண்டு பொறிகளை முதுகோடு முதுகாக, இரைத்தட்டுகள் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மாட்டும். எலி நடமாடும் சுவரில் 2, 3 மீட்டருக்கு ஒன்று. தீனி தாராளமாகக் கிடைக்கும்போது சுண்டெலி தன் கூட்டிலிருந்து 10 மீட்டருக்கு மேல் அலைவது அரிது. சமையலறையில் எச்சம் கிடந்தால் பொறியும் அங்கேதான் இருக்க வேண்டும், வராந்தாவில் அல்ல. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், எரிவாயு அடுப்பின் அடி, தண்ணீர்த் தொட்டியின் கீழே குழாய் நுழையும் மூலை, பரண் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

இரண்டு இரவுகள் தொடப்படாத பொறியை இடம் மாற்றுங்கள். சுண்டெலிக்குப் புதிய பொருள் என்றால் ஆர்வம். வழியில் இருந்தால் வந்து பார்த்துவிடும். பெரிய எலி இதற்கு நேர் எதிர். புதிதாக எதைக் கண்டாலும் சந்தேகம். அதற்குப் பொறியைப் பூட்டாமல், இரையை மட்டும் வைத்துச் சில நாள் பழக்குங்கள். இரை தொடர்ந்து காலியாகத் தொடங்கியதும் பூட்டுங்கள். எச்சத்தைப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம்: சுண்டெலியுடையது 3 முதல் 6 மில்லிமீட்டர், கருப்பு அரிசி மாதிரி முனை கூராக இருக்கும், வளர்ந்த பெரிய எலியுடையது பெரும்பாலும் 12 மில்லிமீட்டருக்குக் குறையாது.

குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் இருக்கும் வீட்டில், பொறியை எலி மட்டும் நுழையக்கூடிய துளையிட்ட பெட்டிக்குள் வையுங்கள்.

கேள்வி: ராத்திரியில் சுவரோரம் "கீச் கீச்" என்று கத்திக்கொண்டே ஒன்று ஓடுகிறது. மூக்கு நீளம், பக்கத்தில் போனால் ஒருவித வாடை. எந்தப் பொறியிலும் சிக்கவில்லை.

பதில்: அது எலியே அல்ல, மூஞ்சூறு. கொறித்துண்ணி இனத்தைச் சேர்ந்ததும் இல்லை. புழு பூச்சிதான் அதன் ஆகாரம். கரப்பான்பூச்சியைத் தின்னும். ஒயரையும் துணியையும் கடித்துப் போடாது. தானியத்தை வைத்தால் எப்படிச் சிக்கும்? வாடைதான் தொல்லை. கரப்பானை ஒழித்து, கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியை அடைத்து, தண்ணீர் வெளியேறும் துளைக்கு வலை போட்டால் தானாகவே குறையும். இதைக் கொல்ல மருந்து வைக்காதீர்கள், தேவையில்லாத வேலை.

கேள்வி: வீட்டில் ஓட்டை எதுவும் இல்லை. பிறகு எப்படி வருகிறது?

பதில்: எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். எலி நுழையும் ஓட்டை என்றால் கை நுழையும் அளவுக்குத் தேடுவார்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். பென்சில் நுழையும் இடமெல்லாம் வாசல்தான். குழாயும் மின்கம்பியும் சுவரைத் துளைக்கும் இடங்கள், ஏசி குழாய் வெளியேறும் துளை, வாசற்கதவின் அடி, ஜன்னல் கம்பிவலையின் கிழிந்த மூலை, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி. சந்தின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு போல் கருப்புக் கறை தெரிந்தால் அது அடிக்கடி போய்வரும் பாதை. எலியின் ரோமம் உரசி உரசிப் படிந்தது.

அடைக்கும்போது ஸ்பிரே நுரையை மட்டும் நம்பாதீர்கள், ஒரே இரவில் கொறித்துத் துளைத்துவிடும். துருப்பிடிக்காத கம்பி நாரைத் துளைக்குள் இறுகத் திணித்து, அதன் மேல் சிமென்ட் அல்லது சிலிக்கோன் பூசுங்கள். சாதாரண இரும்பு நார் ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். பெரிய துளைக்கும் காற்றுப்போக்கிக்கும் 6 மில்லிமீட்டருக்குக் குறைவான கண்ணுள்ள உலோக வலை. கதவடியில் ரப்பர் பட்டை மட்டும் போதாது, உலோகப் பட்டையோடு சேர்ந்ததாக வாங்குங்கள். அடைப்பதும் பிடிப்பதும் ஒருசேர நடக்க வேண்டும். அடைக்காமல் பிடித்தால் காலியான இடத்துக்கு வெளியிலிருந்து புதிது வரும். பிடிக்காமல் அடைத்தால் உள்ளே இருப்பது உள்ளேயே பெருகும்.

கேள்வி: பிளக்கில் செருகினால் ஒலி எழுப்பி எலியை விரட்டும் கருவி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கேளா ஒலி சுவரையும் அலமாரியையும் தாண்டாது. எலியும் சீக்கிரமே பழகிவிடும். இந்தக் கருவிகளின் விளம்பர வாக்குறுதிகளுக்கு ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2001-லேயே அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்தது. அந்துருண்டையும் அப்படித்தான், எலி போகாது, அந்த நெடி உங்களுக்குத்தான் கெடுதல்.

கேள்வி: ஒட்டும் அட்டையில் உடனே சிக்குகிறதே, அதில் என்ன தவறு?

பதில்: சிக்குகிறது, சாகவில்லை. மணிக்கணக்கில் துடித்துப் பசியிலும் தாகத்திலும் மூச்சுத் திணறியும் சாகும். இங்கிலாந்தில் 2024 ஜூலை இறுதியிலிருந்து பொதுமக்கள் இதைப் பயன்படுத்துவதே குற்றம். தூசி படிந்தாலும் ஈரம் பட்டாலும் பிசின் பிடிக்காது. பல்லியும் குருவியும் மாட்டிக்கொள்ளும். அப்படி ஏதாவது ஒட்டிவிட்டால், கையுறை போட்டுக்கொண்டு ஒட்டிய இடத்தில் சமையல் எண்ணெயைச் சிறிது சிறிதாகத் தடவி மெல்ல விடுவியுங்கள். இழுக்காதீர்கள், தோல் உரிந்துவிடும்.

கேள்வி: எலிமருந்து வைத்தால் எலி தண்ணீர் தேடி வெளியே போய்ச் செத்துவிடும் என்கிறார்களே?

பதில்: அது வெறும் நம்பிக்கை. எலி தன் கூட்டில், அதாவது உங்கள் சுவருக்குள்ளோ அலமாரிக்குப் பின்னாலோதான் பெரும்பாலும் சாகும். பிறகு ஒன்றிரண்டு வாரம் நாற்றத்தோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். பெரிய எலி என்றால் இன்னும் நீளும். புரோமாடியோலோன் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகள் வேலை செய்யச் சில நாட்கள் பிடிக்கும். அந்த எலியைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் ஆபத்து.

வீட்டுக்குள் மருந்து வைக்கவே கூடாது என்பது எங்கள் கட்சி. மஞ்சள் பாஸ்பரஸ் பசை, துத்தநாக பாஸ்பைடு இரண்டுக்கும் மாற்றுமருந்து கிடையாது. பாஸ்பரஸ் பசையில் இன்னொரு மோசடி உண்டு: முதலில் வாந்தி, பிறகு ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், அதன்பின் கல்லீரல் செயலிழக்கும். எந்த மருந்தானாலும் குழந்தை வாயில் வைத்ததாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல், வாந்தி எடுக்க வைக்காமல், மருந்தின் உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். உறைவைத் தடுக்கும் வகைக்கு வைட்டமின் கே1 இருக்கிறது. எது என்று மருத்துவருக்குத் தெரிய அந்த உறை வேண்டும்.

கேள்வி: பூனை வளர்த்தால்?

பதில்: சில பூனை பிடிக்கும், சில பூனை வேடிக்கை பார்க்கும். பூனைக்கு வைக்கும் தீனியை இரவில் எலி தின்னும் வீடுகளும் உண்டு. ஆசைக்கு வளருங்கள், எலிக்காக வேண்டாம்.

கேள்வி: எச்சத்தைப் பெருக்கித் தள்ளலாமா? செத்த எலியை எப்படி எடுப்பது?

பதில்: உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தாலோ வாக்குவம் கருவியாலோ தொடாதீர்கள். தூசியாகப் பறந்து மூச்சில் போகும். ஹன்டா வைரஸ் போன்றவை பரவும் வழி அதுவே. கதவு ஜன்னலைத் திறந்து அரைமணி நேரம் விட்டுவிட்டு, கையுறை அணிந்துகொள்ளுங்கள். 1 பங்கு திரவ பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து எச்சம் நன்றாக நனையத் தெளியுங்கள். 5 நிமிடம் ஊறட்டும். காகிதத்தால் வழித்துப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அந்த இடத்தை மறுபடி அதே கரைசலால் துடையுங்கள். பிளீச்சோடு வேறு எந்தச் சுத்திகரிப்பானையும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். செத்த எலிக்கும் இதே முறைதான்: நனைத்து, பையைக் கையில் மாட்டி எடுத்து, இன்னொரு பையில் போட்டுக் கட்டுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: எலி எல்லாம் ஒழிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பழைய எச்சத்தையெல்லாம் சுத்தம் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் புதியது எது என்று தெரியாது. படுக்கப்போகும் முன் சந்தேகமான மூலைகளில் மாவை மெல்லிய படலமாகத் தூவுங்கள். காலையில் டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் ஐந்து, நடுவே வால் இழுத்த கோடு தெரிந்தால் வேலை பாக்கி இருக்கிறது. மாவை அன்றன்றே துடைத்துவிடுங்கள், அதுவே தீனியாகிவிடும். இரண்டு வாரம் தடமும் எச்சமும் இல்லாவிட்டால் பொறிகளை எடுக்கலாம். பரணிலும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலும் ஒவ்வொன்றை மட்டும் விட்டுவைத்து, மாதம் ஒருமுறை இரையை மாற்றுங்கள்.