பழைய பாட்டும் பழைய பங்களாவும்

கேள்வி: சீசனில் எங்கள் காட்டேஜில் ராத்திரி கேம்ப் ஃபயர் மூட்டி நாலு பழைய பாட்டு போடுவோம். அதற்கும் ராயல்டி கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. பழைய பாட்டுக்கு எத்தனை தடவைதான் காசு கொடுப்பது?
- காட்டேஜ் உரிமையாளர் ஒருவர், கொடைக்கானல்

பதில்: 'பழைய' என்பதை ரொம்ப அழுத்துகிறீர்கள். உங்கள் ஊரில் 'பிரிட்டிஷ் காலத்து பங்களா' என்று போர்டு மாட்டினால் வாடகை ஏறுமா, இறங்குமா? ஓடு ஒழுகும், ஜன்னல் சாத்தாது, கீசர் இருமும். பில்லில் மட்டும் 'ஹெரிடேஜ்' என்று தனியாக ஒரு தொகை நிற்கும். போன மே மாதம் தங்கிய குடும்பம் இந்த மேயிலும் வந்து, 'அதான் ஒரு தடவை கொடுத்தாச்சே, சாவியைக் கொடுங்க' என்றால் கொடுத்துவிடுவீர்களா?

கல்யாண ஊர்வலத்துக்கும் அதையொட்டிய கொண்டாட்டத்துக்கும் சட்டம் விலக்கு தந்திருக்கிறது. கட்டணம் வாங்கித் தங்கவைக்கிற இடத்தின் கேம்ப் ஃபயருக்கு இல்லை. ஆனால் நோட்டீஸ் அனுப்பியவர் யார், எந்தப் பாட்டுகளுக்கு என்று கேளுங்கள். வரிக்கும் மெட்டுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்கிற உரிமைச் சங்கம்; ஒலிப்பதிவுக்கு இசை கம்பெனி தனி. காப்புரிமைச் சங்கங்கள் கட்டண விகிதத்தை வெளியிட்டே ஆகவேண்டும். பட்டியலைக் காட்டாதவருக்குப் பைசா கொடுக்காதீர்கள்.

இனி என் பழைய புலம்பல். குணா குகை உங்கள் ஊரில்தான் இருக்கிறது. வெள்ளைக்காரன் டெவில்ஸ் கிச்சன் என்றான். 1991-ல் 'குணா' என்று ஒரு படம் வந்து பெயரையே மாற்றிவிட்டது. டிக்கெட் காசு வனத்துறைக்கு, பெயர் கொடுத்த படத்துக்கு ஒரு டீ கூடக் கிடையாது. 2024-ல் 'மஞ்ஞுமல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் 'குணா'வின் 'கண்மணி அன்போடு' பாட்டை எடுத்துப் போட்டது. இளையராஜா நோட்டீஸ் அனுப்பினார்; உரியவர்களிடம் அனுமதி வாங்கியாச்சு என்றார்கள் தயாரிப்பாளர்கள். ஊரே ரெண்டு கட்சியாகப் பிரிந்து கத்தியது. 'கண்மணி அன்போடு' எழுதிய வாலியின் பெயரை அதில் எத்தனை பேர் சொன்னார்கள்? மெட்டுக்கு மட்டும்தான் அப்பா உண்டு, வரி தானாக முளைத்ததா? எஃப்.எம். அறிவிப்பாளர்களோடு எனக்குள்ள சண்டையும் இதுதான்.

1977-ல் உச்ச நீதிமன்றம் படப்பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்கே என்றது. பாட்டை வாங்கியவரோடு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சமபங்கு என்று சட்டம் மாற 2012 வரை ஆனது. இப்போது அந்தப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுக்கவும் முடியாது. 2013-ல் மறைந்த வாலியின் வரிகளுக்கு 2073 வரை உரிமை இருக்கிறது. உங்கள் பேரனுக்கும் நோட்டீஸ் வரலாம்.

அது கிடக்கட்டும், விறகு எங்கே வாங்குகிறீர்கள்? சோலையில் பொறுக்கியதென்றால் அடுத்த நோட்டீஸ் வனத்துறையிலிருந்து வரும். அதற்கு எனக்கு எழுதவேண்டாம்.