25 தடவை தூக்கியும் களைக்காத டம்பெல்: எத்தனை கிலோவுக்கு மாறுவது?

கேள்வி: நான் 43 வயதுப் பெண். வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். நான்கு மாதமாக இரண்டு கிலோ டம்பெல் சோடியோடு வாரத்தில் மூன்று நாள் பயிற்சி செய்கிறேன். ஒவ்வொன்றும் 25 தடவை, மூன்று சுற்று. கை களைப்பதுமில்லை, உடம்பில் மாற்றமுமில்லை. கடைக்காரர் '20 கிலோ செட்' எடுக்கச் சொல்கிறார். பிரஷருக்குக் குளிசை எடுப்பதால் பயமாகவும் இருக்கிறது. எத்தனை கிலோ வாங்குவது?

பதில்: 25 தடவை தூக்கிய பிறகும் கை களைக்கவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் அந்த இரண்டு கிலோ உங்கள் தசைக்கு இனி ஒரு பொருட்டே இல்லை. 'இதற்கு மேல் முடியாது' என்ற இடத்துக்குக் கிட்டப் போனால்தான் தசை பலப்படும். வியர்வையை வைத்து அளக்காதீர்கள். கொழும்புப் புழுக்கத்தில் சும்மா இருந்தாலே வியர்க்கும். மறுநாள் நோவும் அளவுகோல் அல்ல.

சரியான நிறையை இப்படிக் கண்டுபிடியுங்கள். உடம்பை ஆட்டாமல் ஒரே சீராகத் தூக்குங்கள். ஏழாம், எட்டாம் தடவையில் நீங்கள் வேகமாகத் தள்ளப் பார்த்தாலும் கை மெதுவாகத்தான் ஏற வேண்டும். பத்தில் நிறுத்தும்போது இன்னும் இரண்டு, மூன்று தடவைக்குத்தான் பலம் மிச்சம் என்று பட்டால் அதுதான் உங்கள் நிறை. பதினைந்தைத் தாண்டிப் போகிறதா, நிறை காணாது. ஐந்துக்குள் முதுகு வளைகிறதா, தோள் காதுப் பக்கம் ஏறுகிறதா, நிறை கூடிவிட்டது.

எல்லாப் பயிற்சிக்கும் ஒரே நிறை சரிவராது. உங்கள் வயதில் புதிதாகத் தொடங்கும் ஒரு பெண்ணுக்கு, டம்பெலை நெஞ்சோடு பிடித்துக் குந்தி எழும்ப 8 முதல் 12 கிலோ வரை தாங்கும். கதிரையில் ஒரு கையை ஊன்றி மற்றக் கையால் இடுப்பை நோக்கி இழுக்க 6 முதல் 10 கிலோ. தலைக்கு மேலே தள்ள ஒரு கைக்கு 3 முதல் 5 கிலோ. கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் இப்போதுள்ள இரண்டு கிலோ இன்னும் கொஞ்சக் காலம் உதவும், அதை விற்றுவிடாதீர்கள். பாரம் கூடினால் ஆம்பிளை உடம்பு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் காதில் போட வேண்டாம். அதற்குரிய ஹோர்மோன் பெண்களுக்கு மிகக் குறைவு.

இனி அந்த '20 கிலோ செட்'. பணம் போகும் இடம் இதுதான். 20 கிலோ என்பது இரண்டு டம்பெலுக்கும் சேர்த்து, பெரும்பாலும் கம்பிகளின் நிறையையும் கூட்டிச் சொல்லும் கணக்கு. ஒரு கைக்குப் பத்துத்தான். அடுத்தது, கம்பியின் இரு பக்கமும் மாட்டும் வட்டமான ப்ளேட்டில் 10 என்று பொறித்திருந்தால் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். அது றாத்தலாக (lb) இருந்தால் நான்கரைக் கிலோதான். ஒரு றாத்தல் பாண் 450 கிராம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். டம்பெல் கடையில் மட்டும் மறந்துவிடுகிறோம். மூன்றாவது, வழவழப்பான கறுப்பு பிளாஸ்டிக் உறைக்குள் சீமெந்து நிரப்பிய ப்ளேட். விலை குறைவு, ஆனால் தடிப்பு அதிகம் என்பதால் கம்பியில் நாலைந்துக்கு மேல் ஏறாது. ஒருமுறை தரையில் விழுந்தால் உறை வெடித்துத் தூள் கொட்டும், நிறையும் குறையும். நாணயத்தால் தட்டிப் பாருங்கள்: இரும்பு கணீர் என்னும், சீமெந்து மந்தமாகச் சத்தம் போடும். வாங்க முன்னர் தராசில் வைக்கச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். கமிஷனுக்காகக் குறிப்பிட்ட ஒரு கடைக்கே அனுப்பும் பயிற்சியாளர்களின் பேச்சையும் நம்ப வேண்டாம்.

பற்றுச்சீட்டில் 'இரும்பு, இத்தனை கிலோ' என்று எழுதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது, முறைப்பாடு செய்யலாம். ஆனால் ஒரு சோடி ப்ளேட்டுக்காக எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, விசாரணைக்கு லீவு போட்டு அலைய யாருக்கு முடியும்? அது தெரிந்துதான் ஏமாற்றுகிறார்கள். ஆகவே காசு கொடுக்க முன்னரே நிறுத்துப் பாருங்கள்.

வாங்க வேண்டியது இது: ப்ளேட் மாற்றக்கூடிய கம்பி இரண்டு, 2.5 கிலோ ப்ளேட் நான்கு, 1.25 கிலோ நான்கு, அரைக் கிலோ நான்கு, 5 கிலோ இரண்டு. ப்ளேட்டின் துளையும் கம்பியும் ஒரே அளவா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள். அரைக் கிலோ ப்ளேட்டைக் கடைக்காரர் 'தேவையில்லை' என்பார், நீங்கள் விடாதீர்கள். இரண்டு கிலோக் கம்பியில் 1.25 சோடி போட்டால் 4.5 கிலோ. அதை எடுத்துவிட்டு 2.5 சோடி போட்டால் நேரே 7 கிலோ. தோளுக்கு அது பெரிய பாய்ச்சல். அரைக் கிலோ சோடி இருந்தால் நடுவில் 5.5 கிடைக்கும். கடல் காற்றில் மரை துருப்பிடிக்கும், மாதம் ஒருமுறை மெஷின் எண்ணெய் போடுங்கள். கீழ்வீட்டுக்காரருக்காக றப்பர் பாய் ஒன்றும் வேண்டும்.

பிரஷர் விஷயத்துக்கு வருகிறேன். கிளினிக்கில் ஒரு நிமிடத்தில் 'பாரம் தூக்க வேண்டாம், நடவுங்கோ' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எந்தப் பாரம், எவ்வளவு, யாருக்கு என்று ஒருவரும் விளக்குவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, உயர் குருதியமுக்கம் உள்ளவர்களுக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. ஆபத்து பாரத்தில் அல்ல, மூச்சை அடக்குவதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கும்போது அமுக்கம் அந்த நொடியிலேயே சட்டென்று ஏறும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே எடுங்கள். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக வெளியே போகும். கைப்பிடியை நசுக்கிப் பிடிக்க வேண்டாம். மேலே சொன்ன இரண்டு, மூன்று தடவை மிச்சம் மற்றவர்களுக்கு, நீங்கள் மூன்று, நான்கு மிச்சம் வையுங்கள். சுற்றுக்கிடையில் இரண்டு நிமிடம் இருங்கள். படுத்துச் செய்தால் சடாரென்று எழும்பாதீர்கள், சில குளிசைகளுக்குத் தலை சுற்றும். சில குளிசை நாடித் துடிப்பையும் குறைத்து வைக்கும், ஆகவே நாடியைப் பிடித்துப் பார்த்து 'நான் கஷ்டப்படவில்லை' என்று முடிவெடுக்க வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து பிரஷரை அளந்த பிறகும் மேல் அளவு 180க்கு மேல், அல்லது கீழ் அளவு 110க்கு மேல் காட்டினால் அன்று டம்பெலைத் தொடாதீர்கள், வைத்தியரிடம் பேசுங்கள். நெஞ்சு இறுக்கமோ திடீர்த் தலையிடியோ வந்தால் உடனே வைத்தியசாலை. இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அடுத்த கிளினிக்குக்குப் போய், 'இப்படிச் செய்யலாமா' என்று நேரடியாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

வைத்தியர் சரி என்ற பிறகு, செட் வாங்கும்வரை ஒரு புத்தகப்பைக்குள் ஐந்து கிலோ அரிசிப் பொதி இரண்டை வைத்துக் குந்தி எழும்பலாம். தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ, ஆனால் 19 லீற்றர்க் கான் உள்ளே தளும்பிக் கையை இழுக்கும், அதை விடுங்கள். ஒரு கொப்பியில் நிறையையும் தடவையையும் எழுதுங்கள். எட்டில் தொடங்கி மூன்று சுற்றிலும் பன்னிரண்டைத் தொட்டால், அடுத்த முறை ஒரு கிலோ கூட்டி மறுபடி எட்டிலிருந்து தொடங்குங்கள்.